பிறர் விசா வல்லுநர்

அருவங்காட்டு ஹெர்பர்ட்டின் மகள் கெஸியாவுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்று லண்டன்காரன் திருப்பி அனுப்பிவிட்டானாம்.

குன்னூர் மார்க்கெட்டில் கேரட் வாங்கப் போன இடத்தில் இந்தச் செய்தி எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. கொடுத்தவர் காய்க்கடை லிங்கசாமி. கறிவேப்பிலைக் கொசுறுக்கே இரண்டு தடவை யோசிக்கிற மனிதர்.

"ஏனுங்க, கான்வென்ட்டுல படிச்ச புள்ளைங்க அது. அதோட இங்கிலீஷே பத்தலீன்னா, நம்மளையெல்லாம் அவன் எங்கீங்க சேர்ப்பான்?" என்று கேட்டார். லிங்கசாமி லண்டனுக்கு மனுப் போட்டிருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் மனு நிராகரிக்கப்பட்ட ஒருவரின் துக்கம் அவர் முகத்தில் இருந்தது.

மார்க்கெட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் செய்தி வளர்ந்துவிட்டது. மருந்துக் கடையில் அவளை விமான நிலையத்திலேயே மடக்கியிருந்தார்கள். பேக்கரியில் கையில் விலங்கு மாட்டியிருந்தார்கள். இன்னும் நூறடி நடந்திருந்தால் அவளைச் சுட்டிருப்பார்கள். நல்லவேளை, பஸ் வந்துவிட்டது.

சமவெளியில் ஒரு பெண் இங்கிலீஷில் தோற்றால் அது அந்த வீட்டுச் சங்கடம். இங்கே அப்படியில்லை. இரண்டு அறையும் தகரக் கூரையும் உள்ள வீட்டுக்குக்கூட 'காட்டேஜ்' என்று பலகை மாட்டி, நாயை இங்கிலீஷில் அதட்டி, கேக்கை இங்கிலீஷில் வெட்டி, கல்லறையில் இங்கிலீஷில் படுத்துக்கொள்கிற மலை இது. எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று இங்கிலீஷ்காரனே சொன்னால் அது தனிமனிதத் தோல்வியா? மாவட்டத்துக்கே அவமானம் அல்லவா?

ஆகவே சரிபார்க்கக் கிளம்பினேன்.

நான் அருவங்காடு போய்ச் சேர்வதற்குள் உங்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். அவரைத் தாண்டாமல் அந்த வீட்டுக்குள் போக முடியாது. அந்த வீட்டுக்குள் மட்டுமல்ல, வெளிநாட்டுக் காகிதம் ஒன்று வந்து விழுந்த எந்த வீட்டுக்குள்ளும் போக முடியாது. அவர் பெயர் ஊருக்கு ஊர் மாறும், இனம் ஒன்றே. பிறர் விசா வல்லுநர்.

கவனியுங்கள், 'பிறர்' என்பதுதான் முக்கியம். தனக்கென்று அவர் ஒரு விசாவும் கேட்டதில்லை. பாஸ்போர்ட் இருக்காது; இருந்தால் காலாவதியாகி, பீரோவில் இன்ஷூரன்ஸ் பத்திரத்துக்கு அடியில் கிடக்கும். அவர் போன உச்சகட்ட வெளிநாடு, கோவை விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்கள் நிற்கிற கம்பித் தடுப்பு. அந்தத் தடுப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு இதுவரை பதினோரு நாடுகளுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.

அவரைத் தேடி நீங்கள் போக வேண்டியதில்லை. கூரியர்காரன் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது தெருமுனையில் அவர் குல்லா தெரியும். உள்ளே வந்ததும், "எனக்கெதுக்குங்க இதெல்லாம், ரிட்டையர்டு ஆளு" என்பார். நீங்கள் ஒன்றும் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்காமலே மறுத்து, மறுத்துக்கொண்டே உட்கார்ந்து, உட்கார்ந்துகொண்டே ஃபைலுக்குக் கை நீட்டி, நீட்டிய கையிலேயே டீயை வாங்கி, டீயை வைக்க இடம் கேட்டு, அந்த இடத்தில் உங்கள் பாஸ்போர்ட்டை வைத்து, அதன்மேல் டம்ளரை வைப்பார். பிறகு ஃபைலைப் புரட்டுவார். முன்னாலிருந்து அல்ல, கடைசிப் பக்கத்திலிருந்து. முன்னாலிருந்து புரட்டுகிறவன் மனுதாரன். பின்னாலிருந்து புரட்டுகிறவன் அதிகாரி. ஏதாவது ஓரிடத்தில் நிறுத்தி, "ம்..." என்பார்.

அந்த ஒரு 'ம்'முக்கு ஒரு குடும்பமே இரண்டு நாள் தூங்காது.

அப்புறம் வரும் அவருடைய வேதவாக்கு: "ரூல் பொசிஷன் என்னன்னா..." ரூல் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்காதீர்கள். அவரிடம் காகிதத்தில் ரூல் கிடையாது, ஆள்தான் உண்டு. "வெலிங்டன்ல ஒரு பொண்ணு. இதே கேஸு. என்னாச்சு தெரியுமா?" இந்த வெலிங்டன் பெண்ணை நான் மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஃபோட்டோவில் காது தெரியவில்லை என்று கனடாவில் அவளைத் திருப்பியிருக்கிறார்கள். கையெழுத்து கோட்டுக்கு வெளியே போனதால் ஆஸ்திரேலியாவில். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்ததால் ஜெர்மனியில். பக்கத்து ஊர்தான், வெலிங்டன் முழுக்க விசாரித்தாகிவிட்டது. யாருக்கும் அவளைத் தெரியவில்லை. வீட்டில் இருந்தால்தானே தெரியும், பாவம். ஏதாவது ஒரு நாட்டு விமான நிலையத்தில் திரும்பி வந்துகொண்டே இருக்கிறாள்.

அருவங்காட்டுக்கான வல்லுநர் பிராங்ளின் சார். வெள்ளைக்காரன் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு இன்க்ரிமென்ட், யாருடைய லீவு கழிந்தது என்பதெல்லாம் அவர் மேசையைக் கடந்துதான் போகும். ஃபிட்டர் ஹெர்பர்ட்டின் பதவி உயர்வு ஃபைல் நாலு வருடம் ஒரே அலமாரியில் கிடந்தபோது அதைத் தூசி தட்டி மேலே அனுப்பியவர் இவர்தான். அந்த ஃபைலை அந்த அலமாரியில் நாலு வருடம் வைத்திருந்தவரும் இவர்தான் என்பது ஹெர்பர்ட்டுக்குத் தெரியும். ஆனாலும் நன்றி நன்றிதான்.

இதோ, ஹெர்பர்ட்டின் வீடு வந்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து ஜெகதளா போகிற வழியில், ஓய்வு பெற்ற பணத்தில் கட்டிய சின்ன வீடு. மணியை அடித்தேன். விலங்கு மாட்டி நாடு கடத்தப்பட்ட கெஸியாவே வந்து கதவைத் திறந்தாள். கையில் இஞ்சி நசுக்குகிற குழவி.

"வாங்கண்ணா. நீங்களும் துக்கம் விசாரிக்கத்தான் வந்தீங்களா?"

வதந்தியின் முதல் பாதி வாசற்படியிலேயே விழுந்துவிட்டது. அவளை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அம்மா தபித்தாளின் முழங்கால் ஆபரேஷனுக்காக ஆறு வாரம் முன்பு வந்தவள், இன்னும் ஒன்பது நாளில் கொச்சியிலிருந்து விமானம் ஏறப் போகிறாள்.

"அப்போ பரீட்சையில ஃபெயிலானது?"

"எழுதினாத்தானேண்ணா ஃபெயிலாக முடியும்?"

இரண்டாவது பாதியும் விழுந்தது. ஆனால் அது விழுந்த இடத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கை கிடந்தது. அதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

கெஸியாவின் கணவன் டெனின், இங்கிலாந்தில் நிரந்தரமாகக் குடியேறியவன். மனைவி விசாவில் அவள் போகும்போதே ஒரு சின்ன இங்கிலீஷ் தேர்வு எழுதிப் போனாள். எழுதி என்பதுகூடத் தப்பு. பேச வேண்டும், கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஏ-ஒன் என்று பெயர். அந்த விசா இரண்டே முக்கால் வருடம். அதை நீட்டிக்க வேண்டுமானால் ஒரு படி மேலே, ஏ-டூ. பின்னால் அங்கேயே தங்கிவிட வேண்டுமானால் அதற்கும் மேலே, பி-ஒன். ஏணி மாதிரி. பட்டப்படிப்பை இங்கிலீஷில் படித்தவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறதாம். கெஸியா படித்தது பிளஸ் டூவும் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும். அதனால் அவளுக்கு ஏணிதான்.

அடுத்த மாதம் முப்பதாம் தேதி அவள் விசா முடிகிறது. அதற்குள் ஏ-டூ தேறிய சான்றிதழோடு நீட்டிப்புக்கு மனுப் போட வேண்டும். போடாவிட்டால்? அங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை இருக்கிறது, ஒரு வாடகை வீடு இருக்கிறது, அந்த வீட்டில் துணி காயவைக்கத் தெரியாத ஒரு கணவன் இருக்கிறான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்து, அவ்வளவு பணத்தையும் மறுபடி கட்டி, முதல் படியிலிருந்து மறுபடி ஏற வேண்டும். எத்தனை மாதமோ.

பொறுப்பான பெண். ஊருக்கு வந்த கையோடு கோவையில் தேர்வுக்கு இடம் பிடித்தாள். தேர்வு நாள் போன சனிக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை பிராங்ளின் சார் வந்தார், தபித்தாளின் முழங்காலை விசாரிக்க. முழங்காலுக்குப் பக்கத்தில் ஃபைல் இருந்தது.

அதன்பிறகு நடந்ததை அடுப்படியிலிருந்து தபித்தாள் சொன்னார். உட்கார்ந்த இடத்திலிருந்தே மூன்று பேருடைய குரலிலும் பேசிக் காட்டினார்.

"'கண்ணு, நீ ஏற்கெனவே எது பாஸு?'ன்னு கேட்டாருங்க. 'ஏ-ஒன் அங்கிள்'னு இவ சொன்னா. 'இப்ப என்ன எழுதப் போறே?' 'ஏ-டூ.' அவ்வளவுதான், 'ம்'முன்னாரு. அப்புறம் எங்க ஊட்டுக்காரரப் பாத்து, 'ஹெர்பர்ட்டு, நீ கிரேடு டூவுல இருந்து எதுக்குப் போனே?' இவரும் எந்திரிச்சு நின்னு, 'கிரேடு ஒன்னுக்குங்க சார்.' 'அப்ப எது பெருசு?' 'கிரேடு ஒன்னுதானுங்க சார்.' 'ஒன்னு வாங்கின புள்ள எதுக்குய்யா டூவுக்குப் போகுது? டிமோஷனுக்குப் பணம் கட்டுறீங்களா?'"

ஹெர்பர்ட் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, மூடுபனி.

இந்தத் தவறை நீங்கள் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். இதற்கு முப்பத்திரண்டு வருட அனுபவம் வேண்டும். சாதாரண முட்டாள் ஒருவனால் இதைச் செய்யவே முடியாது. அவன் இணையதளத்தில் போய்ப் பார்த்துவிடுவான். தொழிற்சாலையில் கிரேடு டூ தொழிலாளி வருடக்கணக்கில் உழைத்து, ட்ரேட் டெஸ்ட் எழுதி, கிரேடு ஒன்னுக்கு ஏறுவதைத் தன் கையால் பதிவேட்டில் ஏற்றி ஏற்றிப் பழகிய ஒருவருக்கு, உலகத்தில் எந்த ஒன்றும் எந்த இரண்டுக்கும் மேலேதான். லண்டன் மட்டும் விதிவிலக்கா? அந்தத் தொழிற்சாலையையே அவன்தானே கட்டினான்?

"வெள்ளக்காரன் மூள எனக்குத் தெரியும்" என்று அன்றைக்குச் சொன்னாராம். "அவன் கேக்கறது ஒரு டெஸ்ட். நீ அவன் கேட்டதுக்கு மேலயே வச்சிருக்கே. டூ எழுதினா ஒன்னு கேன்சல் ஆயிரும். வெலிங்டன்ல ஒரு பொண்ணு..."

வெலிங்டன் பெண் வந்துவிட்டாள். அதற்குமேல் என்ன பேச்சு? கெஸியா தயங்கினாள். ஹெர்பர்ட், "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்றார். ரத்து செய்ய அதுதான் கடைசி நாள். இப்போது செய்தால் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பும் என்று பிராங்ளின் சாரே கண்டுபிடித்துச் சொன்னார். பட்டனைக் கெஸியா அழுத்தினாள். பிராங்ளின் சார் ஊட்டி வர்க்கி பிஸ்கட்டை டீயில் முக்கினார்.

இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் டெனின் காதுக்குப் போனது. அவன் ஃபோனில் கத்திய கத்தல், ஸ்பீக்கர் இல்லாமலே சமையலறை வரை கேட்டதாம். "யாருடி அந்த அங்கிள்? அந்தாளுக்கு ஏ-ஒன்னுன்னா என்னன்னு தெரியுமா?" அதற்குள் கோவையில் எல்லா இடமும் போய்விட்டது. இந்த மாதம் முழுக்க இல்லை. இங்கிலாந்தில் அவள் ஊருக்குப் பக்கத்து மையத்தில் அடுத்த மாதம் இருபத்தெட்டு. முடிவு வர ஒரு வாரம். விசா முடிவது முப்பது.

அந்த நிமிடத்திலிருந்து, எங்காவது ஓர் இடம் காலியாகுமா என்று அவள் ஃபோனைக் கையிலேயே வைத்திருக்கிறாள். இஞ்சி நசுக்கும்போது இடது கையில்.

நான் டீயை முடிக்கவில்லை. கேட் சத்தம் கேட்டது. குல்லா தெரிந்தது. நல்ல வல்லுநர் தான் இடித்த வீட்டுக்குத் திரும்ப வருவார். ஓடி ஒளிவதெல்லாம் கற்றுக்குட்டிகள்.

"எனக்கெதுக்கு இதெல்லாம்" என்றபடி பிராங்ளின் சார் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். "பத்திரிகைக்காரரு வந்திருக்காரா? நல்லது. இந்த ரூலப் பத்தி எழுதுங்க. ஜனங்களுக்குத் தெரியணும். அவன் திடீர்னு சிஸ்டத்த மாத்திட்டான்."

"எவன் சார்?"

"லண்டன்காரன். முன்னாடியெல்லாம் ஒன்னுதான் பெருசு. இப்ப தலைகீழாப் போட்டுட்டான். நமக்கு ஒரு சர்க்குலர் அனுப்பியிருக்கணுமா இல்லையா?"

பார்த்தீர்களா? தவறியது அவர் அல்ல. பிரிட்டிஷ் அரசாங்கம், அருவங்காட்டுக்குச் சுற்றறிக்கை அனுப்பாமல்.

தபித்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். புது முழங்காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். "பிராங்ளின் அண்ணா, ஒன்னு கேக்கறனுங்க. நாங்க குவாட்டர்ஸ்ல எந்த டைப்புல இருந்தோம்?"

"டைப் ஒன்னு."

"ஒரே ரூமு. மழ வந்தா சட்டியத் தூக்கிட்டு ஓடுவேன். அப்புறம் டைப் டூவுக்கு மாறணும்னு எழுதிக் குடுத்துட்டு எத்தன வருசம் காத்திருந்தோம்?"

"அது... ஒம்பது, பத்து..."

"பதினொன்னுங்க. இந்தப் புள்ள அந்த டைப் ஒன்னுலதான் பொறந்துச்சு. ஆபீசருங்க எந்த டைப்புல இருந்தாங்க? நாலுல, அஞ்சுல. அங்க மட்டும் ஒன்னு சின்னது, டூ பெருசுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதுல்ல? எம் பொண்ணு விசாவுக்கு மட்டும் ஏனுங்கண்ணா தெரியாமப் போச்சு?"

ஹெர்பர்ட் மூடுபனியை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். நாற்பது வருடத்தில் முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

முப்பத்திரண்டு வருட சர்வீஸ் இந்த இடத்தில் சரிந்துவிடும் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு வல்லுநர்களைத் தெரியாது. பிராங்ளின் சார் டீயை ஒரு வாய் குடித்தார்.

"தங்கச்சி, குவாட்டர்ஸ் அலாட்மென்ட்டு எஸ்டேட் செக்‌ஷன். நான் எஸ்டாப்ளிஷ்மென்ட்டு. அது வேற டேபிளு."

நான் வேறு பக்கமாகப் போனேன். "சரிங்க சார். பொண்ணு பரீட்சை எழுதவே இல்ல. அப்புறம் ஃபெயிலுன்னு ஊரெல்லாம் பேச்சு. இத யாரு கிளப்பியிருப்பாங்க?"

கேட்டது நான். ஹெர்பர்ட்டின் கண் ஒரு தடவை குல்லாவுக்குப் போய்விட்டு வந்தது. அதைக் கெஸியா பார்த்துவிட்டாள்.

"அங்கிள், நீங்களா?"

"கண்ணு, நான் உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். சர்ச்சு வாசல்ல கேட்டாங்க, பரீட்சைக்குப் போகலியான்னு. கேன்சல்னு சொன்னா ஆயிரம் கேள்வி வரும். ஏன் கேன்சலு, யாரு சொல்லி கேன்சலு... ஃபெயிலுன்னா ஒரே வார்த்த. எல்லாரும் பாவம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. உங்கப்பாவுக்கும் தெரியும்."

அப்பாவுக்கும் தெரியும். அதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஃபோனில் தேர்வுத் தேதிகளைக் கட்டை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு சத்தம் போடாமல் சொன்னாள்.

"அங்கிள், அன்னிக்கு நீங்க 'எனக்குத் தெரியாது'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும். நான் சனிக்கிழம போயிட்டு வந்திருப்பேன். இப்பவாச்சும் சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"எது?"

"தெரியாதுங்கற வார்த்த."

"அதாவது கண்ணு, ரூல் பொசிஷன் என்னன்னா..."

அப்போதுதான் அவள் கட்டை விரல் நின்றது. "அம்மா! கொச்சியில ஒரு எடம். ஃப்ளைட்டுக்கு முந்துன நாளு. ஒன்னே ஒன்னு காட்டுது!"

"இரு இரு இரு" என்று பிராங்ளின் சார் எழுந்தார். கை ஃபோனை நோக்கி நீண்டது. "அவசரப்படாத. கொச்சின்னா வேற ஸ்டேட்டு. அதுல ஒரு பாயிண்ட்..."

"சார்" என்றார் ஹெர்பர்ட். அவ்வளவு நேரத்தில் அவர் பேசியது அதுதான். ஒரு முழு வர்க்கியை எடுத்தார். நன்றியோ, மரியாதையோ, நாலு வருட அலமாரியோ, எல்லாம் அந்த வர்க்கியில் இருந்திருக்க வேண்டும். அதை பிராங்ளின் சாரின் திறந்த வாய்க்கு நேராக நீட்டினார். "மொதல்ல இதச் சாப்பிடுங்க."

ஊட்டி வர்க்கி லேசுப்பட்டதல்ல. உலர்ந்த முழு வர்க்கி வாயில் இருக்கும்போது எந்த நாட்டுக் குடியேற்றச் சட்டத்தையும் விளக்க முடியாது. அந்த ஒரு நிமிடத்தில் கெஸியா பெயரை நிரப்பி, பாஸ்போர்ட் எண்ணை நிரப்பி, பணத்தைக் கட்டி முடித்தாள்.

தேர்வில் என்ன நடந்தது என்பதை அவள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்த பிறகு ஃபோனில் சொன்னாள். தேர்வறையில் இரண்டிரண்டு பேராக உட்கார வைக்கிறார்கள். இவளுக்கு வாய்த்த ஜோடி நிலம்பூர்க்காரர் ஒருவர். மனைவி அங்கே நர்ஸ். வெளியே காத்திருக்கும்போது அவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாராம். என்ன என்று கேட்டால், அவர் ஊரிலும் ஒருவர் இருக்கிறார். ஐம்பது ஆங்கிலப் பழமொழிகளை மனப்பாடம் செய்யாமல் உள்ளே நுழைந்தால் வெள்ளைக்காரன் மதிக்கவே மாட்டான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மனிதர் முப்பத்தேழாவதில் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே பழமொழி எதுவும் கேட்கவில்லை. தேர்வு நடத்திய பெண்மணி சிரித்த முகத்தோடு, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பற்றி இவருக்குச் சொல்லுங்கள் என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர்!

"எப்படித்தான் வந்துச்சோ தெரியலண்ணா" என்றாள் கெஸியா. "மழைக்காலத்துல நம்ம குன்னூர் லாஸ் ஃபால்ஸ் கொட்டுமே, அப்படிக் கொட்டுச்சு. குல்லாவச் சொன்னேன். பின்னாடியிருந்து ஃபைல் புரட்டுறதச் சொன்னேன். அப்புறம் அந்த நிலம்பூர் அண்ணனுக்கும் பயம் போயி, தன்னோட ஆளப் பத்திச் சொன்னாரு. நான் கேள்வி கேக்க, அவரு சொல்ல, அவரு கேக்க, நான் சொல்ல... அந்தம்மா ரெண்டு தடவ மணி பாத்துட்டு, போதும் போதும்னாங்க."

இரண்டு பேரும் தேறிவிட்டார்கள். விசா முடிய ஐந்து நாள் இருக்கும்போது, இருபத்தைந்தாம் தேதி, கெஸியாவின் மனு போனது. ஏழு வாரம் கழித்து நீட்டிப்பு வந்தது. தபித்தாள் புது முழங்காலோடு சர்ச்சுக்கு நடந்துபோய் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டு வந்தார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் வல்லுநர் இருக்கிற ஊரில் கதை அவர் முடிக்கிற இடத்தில்தான் முடியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பிராங்ளின் சாரைச் சுற்றி எட்டுப் பேர். "கோயமுத்தூர்ல எழுதியிருந்தா அவ்வளவுதான். நான்தான் நிறுத்தி வச்சேன். கொச்சிதான் சரின்னு எனக்கு ஒரு கணக்கு. போயி என்ன பேசுச்சு தெரியுமா அந்தப் புள்ள? என்னப் பத்தித்தான் பேசுச்சு. என்னால பாஸு."

இதில் கடைசி வாக்கியத்தை என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

லிங்கசாமியிடம் போய் உண்மையைச் சொன்னேன். பெண்ணைத் திருப்பி அனுப்பவில்லை, அவள் ஃபெயிலாகவும் இல்லை, ரத்து செய்ய வைத்தது இன்னார், ஃபெயில் என்று கிளப்பியதும் இன்னார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படீங்களா? ஆனா பிராங்ளின் சார் இல்லீன்னா அந்தப் புள்ள பாஸ் பண்ணியிருக்காதாமுங்க" என்றார். அதற்கும் கொசுறு கொடுத்தார்.

இப்போது உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரமும் பிராங்ளின் சாரை எட்ட நின்று பார்த்துச் சிரித்தீர்கள். சந்தோஷம். ஆனால் நடுவில் ஏ-ஒன், ஏ-டூ, பி-ஒன் என்று நான் ஏணி போட்டபோது ஒரு கணம் நிறுத்தி, லெய்செஸ்டரில் இருக்கிற சித்தி மகளையோ, அடுத்த மாதம் கிளம்புகிற சக ஊழியரின் மருமகளையோ நினைத்தீர்களா இல்லையா? ஃபோனை எடுத்து, "இங்க பாரு, ரூல் என்ன தெரியுமா?" என்று ஆரம்பிக்க நாக்கு ஊறியதா இல்லையா? ஒரு கேலிக் கட்டுரையில் படித்ததை வைத்து ஒரு பெண்ணின் விசாவுக்கு வழி சொல்லத் துணிகிறவர்களுக்கு, இந்த மலையில் ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது. அந்த விதிகள் நாளைக்கே மாறியிருக்கலாம். எனக்குத் தெரியாது.

பார்த்தீர்களா, சொல்லிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

பிராங்ளின் சாரும் சொல்லிவிடுவார் என்று தபித்தாள் காத்திருக்கிறார். போன மாதம்கூட, பக்கத்து வீட்டுப் பையனின் ஜெர்மனி ஃபைலோடு அவர் அந்தப் பக்கம் போனபோது, தபித்தாள் வாசலில் நின்று கேட்டார். "அண்ணா, கெஸியாவுக்கு ஒரு வார்த்த தரணுமுங்களே." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவசரமாம், பையன் காத்திருக்கிறானாம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வாரமும் வந்து போய்விட்டது.